இலை உதிர்ந்த உயரம்

காலை எட்டேகாலுக்குத் தொலைபேசி அடித்தால் அது தொகுஜி அத்தான்தான். அக்டோபர் மாதம் எங்கள் சுற்றுலாத் தகவல் நிலையத்துக்கு அழைப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். இலை எங்கே சிவந்திருக்கிறது, இந்த ஞாயிறு வரலாமா, அடுத்த ஞாயிறு வரை தாங்குமா. அத்தான் மட்டும் வேறொன்று கேட்பார்.

"எதுவரைக்கும் உதிர்ந்திருக்கு, தொயோமி?"

ரோப் காரின் மேல் நிலையத்தில் இருப்பவர் ஏழரைக்கே எனக்கு நிலவரம் சொல்லிவிடுவார். நான் அதை வாசலில் உள்ள வெள்ளைப் பலகையில் மாற்றி, படம் எடுத்து இணையத்தில் போடுவேன். உச்சி, ஆயிரத்து நானூறு மீட்டர், ஆயிரத்து இருநூறு, ஆயிரம், அடிவாரம் என்று ஐந்து வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு காந்த அட்டை: பச்சை, நிறம் மாறுகிறது, பார்க்க ஏற்றது, உதிர்கிறது, முடிந்தது. நிறம் உச்சியில் பிடித்து நாளுக்கு முப்பது நாற்பது மீட்டராகக் கீழே இறங்கிவரும். சனங்கள் பேருந்து பேருந்தாக அந்தச் சிவப்புக்கு நேராக வந்து நிற்பார்கள். அத்தானுக்கு வேண்டியது அந்தச் சிவப்பு கடந்துபோன பிறகு அதற்கு மேலே மிஞ்சும் மொட்டைக் காடு. இலை விழுந்தால்தான் காட்டுக்குள் தரை தெரியும். கொஞ்ச நாளில் பனி விழுந்து அந்தத் தரையையும் மூடிவிடும். நடுவில் கிடைப்பது ஒவ்வொரு உயரத்துக்கும் பத்து நாள், பன்னிரண்டு நாள். அந்த நாட்களில் அவர் தன் மனைவியைத் தேடுவார்.

அவர் மனைவி ஷிகெமி என் அக்கா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் செப்டம்பர் கடைசியில் மைதாகே காளான் பறிக்கக் காட்டுக்குள் போனவள் திரும்பவில்லை. மைதாகே கிழட்டு ஓக் மரங்களின் அடியில்தான் முளைக்கும். எந்த மரம் என்று தெரிந்தவர்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை, கட்டினவரிடமும் பெற்ற பிள்ளையிடமும்கூட. அக்காவுக்கு அப்படி ஏழெட்டு மரங்கள் இருந்தன. அத்தான் சாப்பிடும்போதெல்லாம் கேட்டுப் பார்ப்பார். "சாகறப்ப சொல்றேன்" என்று சிரிப்பாள். காட்டுப் பாதை முடியும் இடத்தில் அவளுடைய சின்ன வெள்ளை வண்டி பூட்டியபடி நின்றிருந்தது. அங்கிருந்து மூன்று பள்ளத்தாக்குகள் பிரிகின்றன. தீயணைப்புத் தொண்டர்களும் போலீஸும் நாய்களும் எட்டு நாள் தேடினார்கள். ஹெலிகாப்டரில் போனவர்களுக்கு மேலிருந்து இலையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அந்த வருஷம் நிறம் மிக அழகாகப் பிடித்திருந்தது. தேடுகிறவர்களைத் தாண்டித்தான் பேருந்துகள் மேலே போயின.

அந்தக் காளானைக் கேட்டது நான். மகன் கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், ஒரு கூடை கிடைத்தால் சோற்றில் போட்டு ஆக்கிவிடுவேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அத்தானுக்கு அது தெரியும். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருக்கலாம்.

அத்தானுக்கு அறுபத்தெட்டு வயது. ஊராட்சிக்குப் பனி அள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. காட்டின் வரைபடம் ஒன்றை நான்கு மடங்காகப் பெரிதாக்கி, கட்டம் போட்டு, சுவரில் ஒட்டியிருந்தார். நடந்து முடித்த கட்டங்களைப் பென்சிலால் நிரப்புவார். முதல் வருஷம் கிழக்குப் பள்ளத்தாக்கு, அடுத்த வருஷம் நடுவில் உள்ளது. மேற்குப் பள்ளத்தாக்கு இந்த வருஷத்துக்கு என்று வைத்திருந்தார். ஆனால் இந்தக் கோடை போக மறுத்தது. செப்டம்பர் முடிந்தும் உச்சியில் பச்சை. அது போதாதென்று, வண்டு விழுந்து செத்த ஓக் மரங்கள் ஆகஸ்டிலேயே பழுப்பேறி நின்றன. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, இப்போதே தொடங்கிவிட்டதா என்று மகிழ்ச்சியாகக் கேட்டார்கள். நிறம் பன்னிரண்டு நாள் தாமதம். பனி தாமதிக்கப்போவதில்லை என்று வானிலைக்காரர்கள் சொன்னார்கள். அத்தானின் பன்னிரண்டு நாள் இரண்டு மூன்று நாளாகச் சுருங்கிவிடும் போலிருந்தது. அவருக்கு முழங்கால் வேறு வீங்கியிருந்தது. தினமும் தொலைபேசியில் நான் "ஆயிரத்து இருநூறு இன்னும் உதிரல அத்தான்" என்று சொல்லும்போது, நானே அந்த இலைகளைப் பிடித்து வைத்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

அக்டோபர் முப்பதாம் தேதி விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு போனேன். கூட்டம் அதிகமான நாள். மேலாளர் முகத்தைச் சுளித்துவிட்டு அனுப்பினார். முந்தின இரவு அடித்த காற்றில் ஆயிரம் மீட்டருக்கு மேலே எல்லாம் கொட்டியிருந்தது. பீச் மரங்கள் சாம்பல் நிறத்தில் எலும்பு எலும்பாக நின்றன. கீழே குட்டை மூங்கில் இடுப்பளவு. அத்தான் ஒரு கழியால் அதை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தார். பத்தடிக்கு ஒருமுறை இரண்டு கையையும் தட்டுவார், கரடிக்காக. மதியம் சோற்று உருண்டையைத் தின்றுவிட்டு ஓடையைக் கடந்தோம். ஓடைக்கு அப்பால் சரிவில் ஒரு பெரிய ஓக் மரம் வேரோடு ஒருபக்கம் சாய்ந்து நின்றது. அதன் அடியில் அத்தான் குனிந்தார். பிறகு நிமிரவில்லை.

நான் ஏறிப் போய்ப் பார்த்தேன். இலைச் சருகுக்குள் ஒரு ரப்பர் பூட்ஸ் பாதி புதைந்து கிடந்தது. கொஞ்சம் தள்ளி, வேர் இடுக்கில், வெளுத்த எலும்புகள். அத்தான் தன் மேல்சட்டையைக் கழற்றி அவற்றின் மேல் போர்த்தினார், தூங்குகிறவளுக்குப் போர்த்துவதுபோல ஓரங்களைச் செருகினார். அழவில்லை. "இவ்வளவு நல்ல மரத்தைத்தான் சொல்லாம வெச்சிருந்தா" என்றார்.

நான் பூட்ஸின் அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டேன். அளவு இருபத்தேழு சென்டிமீட்டர் என்று அச்சாகியிருந்தது. அக்காவின் கால் எனக்குத் தெரியாதா, சின்ன வயதில் ஒரே செருப்பை மாற்றி மாற்றிப் போட்டவர்கள் நாங்கள். அவளுக்கு இருபத்து மூன்று.

போலீஸ்காரர்கள் வந்து சேர மூன்று மணியானது. அவர்களில் இளைஞராக இருந்தவர் பூட்ஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அளவு கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்று மரியாதையாகச் சொன்னார்.

"அவ ரெண்டு சாக்ஸ் போடுவா" என்றார் அத்தான். "எப்பவும் என்னோட பழைய பூட்ஸத்தான் எடுத்துட்டுப் போவா."

அந்த இளைஞர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனை முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த மூன்று வாரத்தை நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றும் தெரியவில்லை. அத்தான் தலைமுடி வெட்டிக்கொண்டார். சுவரிலிருந்த வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டார். இறுதிச் சடங்கு பற்றி ஊர்க் கோவிலில் போய்ப் பேசினார். இரண்டு வருஷமாக அவர் அதற்குச் சம்மதித்ததே இல்லை, கிடைக்காதவளுக்கு எதைச் செய்வது என்று தட்டிக் கழித்தவர். எந்தப் படத்தைப் பெரிதாக்கலாம் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். மேசை மேல் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். அக்கா எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருந்தாள் அல்லது வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என் மகன் திருமணத்தில் எடுத்த ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார். இனி முழங்காலுக்கு மருத்துவரைப் பார்க்கிறேன் என்றார். இரவு நன்றாகத் தூக்கம் வருகிறது என்றார். நான் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் சொல்லலாம் என்று போய், அவர் முகத்தில் இருந்த அந்தத் தெளிவைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ பேசித் திரும்பினேன். ஒருவேளை உண்மையிலேயே இரண்டு சாக்ஸ் போட்டாளோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

நவம்பர் இரண்டாம் வாரம் நிறம் அடிவாரத்துக்கு வந்தது. ஒரு நாள் மாலை அத்தான் எங்கள் நிலையத்துக்கு வந்தார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே வாகன நிறுத்தத்தின் ஓரமாக மேப்பிள் மரங்கள் கொழுந்துவிட்டு எரிவதுபோல நின்றன, சுற்றி ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இந்த வருஷம் நல்லா இருக்குல்ல" என்றார்.

இரண்டு வருஷமாக அவர் சிவந்த இலையை நிமிர்ந்து பார்த்து நான் பார்த்ததில்லை. ஆமாம் என்றேன். தாமதமாக வந்தாலும் அடர்த்தியாக வந்திருக்கிறது, காலையில் கொஞ்சம் பனிப்புகை இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று, வெளியூர்க்காரர்களிடம் சொல்வதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

இருபதாம் தேதி போலீஸ் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். அது ஆண். கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர், ஓனோதெரா என்று பெயர், எட்டு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போனவர். அத்தான் நன்றி சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார் என்று அப்போது அங்கிருந்த பக்கத்து வீட்டுக்காரி எனக்குச் சொன்னாள். நான் ஓடினேன். அவர் போர்வை போர்த்திய கணப்பு மேசைக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார்.

நான் மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்தேன்.

"எனக்கும் தெரியும்" என்றார். "என் பூட்ஸ் இருபத்தஞ்சரை."

அன்று ராத்திரியே கனமாகப் பனி விழுந்தது. காட்டுப் பாதையின் இரும்புக் கதவை மாவட்ட அலுவலகத்துக்காரர்கள் பூட்டினார்கள். இனி மே மாதம்தான் திறக்கும். அதற்குள் எல்லா மரமும் துளிர்த்துவிடும்.

டிசம்பர் முதல் ஞாயிறு, ஓனோதெராவின் மகள் வந்தாள். ரித்சுகோ என்று பெயர், நாற்பதை ஒட்டிய வயது, கறுப்பு உடை. நான்கு மணி நேரம் பனியில் வண்டி ஓட்டி வந்திருந்தாள். அத்தான் என்னையும் வரச் சொல்லியிருந்தார். பயறு இனிப்புப் பெட்டி ஒன்றை முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. அம்மா போன வசந்தத்தில் இறந்துவிட்டதாகச் சொன்னாள். அம்மாவை மகன் தன் புது வீட்டுக்கு எத்தனையோ முறை கூப்பிட்டும் போகவில்லையாம், அப்பா வந்தால் பழைய வீட்டுக்குத்தான் வருவார் என்று இருந்துவிட்டாராம். இப்போது இருவரையும் ஒரே கல்லறையில் வைத்தாகிவிட்டதாம்.

"உங்களாலதான் எங்கப்பா வீட்டுக்கு வந்தார்" என்றாள்.

"நான் உங்கப்பாவைத் தேடல" என்றார் அத்தான். குரலில் கோபம் இல்லை. கணக்கில் விட்டுப்போன ஒன்றைச் சரிசெய்பவர்போலச் சொன்னார்.

"தெரியும். போலீஸ்ல சொன்னாங்க." அவள் கைக்குட்டையைக் கசக்கினாள். "அதான், எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் டீ போட்டேன். திரும்பி வந்தபோது அவள் அந்த இடத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மரத்தடியில் ஒரு பூவாவது வைக்க வேண்டுமாம். பாதை பூட்டியாகிவிட்டது, மே வரை யாரும் போக முடியாது என்று அத்தான் விளக்கினார். அவள் புரிகிறது என்று தலையாட்டினாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கை மடியில் திறந்தபடி கிடந்தது.

அத்தான் எழுந்து வாசல்பக்கம் போனார். அன்று காட்டுக்குப் போட்டுப் போன தன் பூட்ஸை எடுத்துவந்தார். அதை அவர் கழுவாமல் வைத்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும். செய்தித்தாள் ஒன்றை விரித்து, வலது காலணியை மடியில் கவிழ்த்துவைத்து, அடிப்பள்ளங்களில் இறுகிக் கிடந்த மண்ணை ஓர் ஆணியால் சுரண்ட ஆரம்பித்தார். கறுப்பு மண் கட்டிகட்டியாகத் தாளில் விழுந்தது. நடுவே பழுப்பான ஓக் இலைத் துணுக்குகள், ஒரு காம்பு. "அந்த மரத்தடியிலதான் கடைசியா நின்னேன்" என்றார். அவள் இரண்டு கைகளாலும் அந்தத் தாளை வாங்கி, ஒரு துகள் சிந்தாமல் மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசலில் மறுபடி குனிந்தாள். அவளுடைய வண்டி திரும்பி, பனிச் சுவர்களுக்கு நடுவே சாலையில் இறங்கும்வரை நான் நின்று பார்த்தேன்.

உள்ளே வந்தபோது அத்தான் இடது காலணியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே, அக்காவின் படத்துக்கு முன்னால், இன்னொரு செய்தித்தாள் விரித்திருந்தது. தலை குனிந்து, ஒவ்வொரு பள்ளமாக, அவசரமில்லாமல் சுரண்டிக்கொண்டிருந்தார். வெளியே பனி நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. தாளின் மேல் அந்த மண் சிறுசிறு கட்டிகளாகச் சேர்ந்துகொண்டே இருந்தது.