மெத்தை லாரிக்குப் பின்னால்

பல் டாக்டர் ஹைப்ரிட் கார் வாங்கியதிலிருந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திரையிலேயே பாதி உயிரை வைத்திருந்தார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அது காட்டும். நெடுஞ்சாலையில் ஒரு தடவையாவது முப்பதைத் தொட்டுவிட வேண்டும் என்பது அவர் லட்சியம். அவர் மனைவி அதற்கு வியாதி என்று பெயர் வைத்திருந்தாள்.

அன்று மச்சானின் பணி ஓய்வு விருந்து. மதியம் ஒரு மணிக்குள் நானூறு கிலோமீட்டர் போயாக வேண்டும். டிக்கியில் பரிசாக ஒரு சாய்வு நாற்காலி, பின் சீட்டில் மாமியார். எடை குறையட்டும் என்று டாக்டர் ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்தார்; மாமியாரின் தண்ணீர் பாட்டிலில் பாதியைச் செடிக்கு ஊற்றினார்.

எண்பதைத் தாண்டவில்லை. காற்று புகுந்தால் மைலேஜ் குறையும் என்று ஜன்னல் கண்ணாடியை இறக்க யாரையும் விடவில்லை. இறக்கம் வந்தால் காலை எடுத்துவிட்டு, பேட்டரி ஏறுவதை ரசித்தார். ஏற்றம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அப்படியும் இருபத்தைந்திலேயே நின்றது.

அப்போதுதான் மெத்தை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் வந்தது. எதிர்க்காற்றை அது வாங்கிக்கொள்ள, திரையில் எண் ஏறியது. இருபத்தேழு, இருபத்தெட்டு.

"எவ்வளவு நிதானமா ஓட்டறான் பாரு. தங்கமான மனுஷன்."

"கொஞ்சம் தள்ளிப் போங்க. அவன் பிரேக் போட்டா நாம மெத்தைக்குள்ளதான்," என்றாள் மனைவி.

"அவன் பிரேக் போடற ஆளே இல்ல."

லாரி இடப்பக்கம் திரும்பியது. காரும் திரும்பியது.

"ஏங்க, நாம நேரா போகணும்."

"தெரியும். இருபத்தொன்பதரை வந்தாச்சு. இப்ப எப்படி விடறது?"

லாரி ஒரு மெத்தைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தது. கார் உள்ளே போனதும் கேட் மூடியது. திரையில் முப்பது. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாட்ச்மேன் டோக்கன் கொடுத்தார். "லோடு இறக்கி கையெழுத்து வாங்கிட்டுதான் வெளிய போகணும் சார்."

"நாங்க லோடு இல்லப்பா. சும்மா பின்னாடி வந்தோம்."

"எல்லாரும் பின்னாடிதான் சார் வராங்க."

இரண்டு பேர் வந்து சாய்வு நாற்காலியை இறக்கி, 'நாற்காலி, ஒன்று' என்று ரசீது கொடுத்தார்கள். மெத்தை எப்படி இருக்கிறது என்று படுத்துப் பார்த்துச் சொல்லும் அம்மாள் அன்று லீவு. சூப்பர்வைசர் மாமியாரை ஏற இறங்கப் பார்த்தார். கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனார். மாமியார் படுத்த உடனே தூங்கிவிட்டார்.

"சோதனை நடக்குது. நாலு மணி வரைக்கும் யாரும் எழுப்பக்கூடாது," என்று சூப்பர்வைசர் கிசுகிசுத்தார்.

மனைவி போன் செய்தாள். "அண்ணா, வர லேட்டாகும். அம்மா தூங்கறாங்க."

"எங்க?"

"மெத்தை ஃபேக்டரில."

"மாப்பிள்ளையா வண்டி ஓட்டறார்?"

"ஆமாண்ணா."

"சரி, புரியுது."

நாலு மணிக்கு மாமியார் எழுந்து, இடுப்புப் பக்கம் கொஞ்சம் கெட்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேட் திறந்தது. மனைவி கையை நீட்டினாள். டாக்டர் சாவியைக் கொடுத்தார்.

நூற்றிருபதில் பறந்தது கார். இருபத்தொன்பது, இருபத்தாறு, இருபத்திரண்டு. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, அந்தக் கண்ணாடிய முழுசா இறக்கி விடுங்க," என்றார் மாமியார், தூக்கக் கலக்கம் தீராத குரலில். "காத்து நல்லா வரட்டும்."

டாக்டர் இறக்கி விட்டார்.