டோனெக்குக்கு நான் சொன்ன மூலம்

சிவசண்முகம் சார் கேட்டபோதே தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஞாயிறுதோறும் பாளையங்கோட்டையில் சொல்லாய்வுக் கூட்டம் நடத்துகிறார். அவருடைய கட்டுரைகளை நான் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். போன வாரம் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். ‘டோனெக்’ என்று எழுதியிருந்தது.

“லத்தீன் சொல்லு. ஒண்ணு நடக்குற வரைக்கும்னு அர்த்தமாம். எங்கன இருந்து வந்துச்சுன்னு தெரியல. நீ செடிப் பேரெல்லாம் லத்தீன்லதான படிச்சே?”

நான் தாவரவியல் பட்டதாரி. செடிப் பெயர்களை மனப்பாடம் செய்ததோடு சரி. ஆனால் அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் பதிலுக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

“வரைக்கும்ங்கதுக்கு ‘நான் வருந்தனையும் இரு’ன்னு சொல்லுதோம்லா சார். அந்தத் ‘தனை’தான் அங்கன போயி டோனெக் ஆயிட்டு.”

அவர் முகம் மலர்ந்தது. எழுதிக்கொண்டார். கடைசி வரியில் என் பெயரையும் எழுதினார்: இதைக் கண்டு சொன்னவர் அஸீலா, பி.எஸ்ஸி.

சனிக்கிழமை அகராதியில் தேடிப் பார்த்தேன். பழைய லத்தீனில் அது ‘டோனிகும்’. லத்தீன் துணுக்குகளே ஒன்றோடொன்று ஒட்டி உண்டானது என்று போட்டிருந்தது. தமிழுக்கு அங்கே வேலையே இல்லை. சாரின் எண்ணைக் கைபேசியில் எடுத்தேன். அழைக்கவில்லை.

கூட்டத்துக்கு இருபது பேர் வந்திருந்தார்கள். சார் கட்டுரையை வாசித்தார். கடைசி வரிக்கு வருமுன் வழக்கறிஞர் குமரவேல் எழுந்துவிட்டார்.

“அண்ணாச்சி, பழைய லத்தீன்ல இது டோனிகும்லா? அதுல ‘தனை’ எங்கன ஒளிஞ்சிருக்கு?”

“ரோமாபுரிக்காரன் குறுக்குத்துறை ஆத்துக்குக் குளிக்க வந்தவன், துண்டோட சேத்துத் தூக்கிட்டுப் போயிருப்பான் வே,” என்றார் பின்வரிசைக் காசிலிங்கம்.

எல்லோரும் சிரித்தார்கள். சார் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

“என் தப்புதான் வே. நானா அவசரப்பட்டுட்டேன்,” என்றார்.

“இவருட்ட நாப்பது வருசம் படிச்ச பயலுவ பாவம்லா,” என்றது இன்னொரு குரல்.

சார் கட்டுரையைப் பிடித்தபடி நின்றார். நான் எழுந்தேன்.

“நான்தான் சொன்னேன்.”

“என்னம்மா? காதுல விழல. சத்தமாச் சொல்லு,” என்றார் குமரவேல்.

“நான்தான் சார்ட்ட சொன்னேன். தெரியாமச் சொன்னேன். தப்புன்னு நேத்தே தெரிஞ்சிட்டு. அதையும் சொல்லல.”

சிரிப்பு நின்றது. சார் கட்டுரையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“உக்காரும்மா,” என்றார், என்னைப் பார்க்காமல்.