எல்லாருக்கும் ஒரே விடை

சேனங்காவில் ஆற்றைக் கடந்து போனால் வரும் பள்ளியில் கணக்கு நடத்த சிபேகோ ஒருத்திதான். தெற்கே தோங்கா மொழி பேசும் பகுதிக்காரி. கணவனுக்குத் தொலைவில் கிட்வே நகரில் சுரங்க வேலை. ஊரார் பேசும் லோசி அவளுக்குச் சந்தைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் வரும்.

பிள்ளைகள் ஆளுக்கொரு கால்குலேட்டர் வைத்திருந்தார்கள். அண்ணன் கழித்துப் போட்டது, சந்தையில் வாங்கியது, பொத்தான் உதிர்ந்தது. பாடம் முழுக்க அவளைக் கூப்பிட்டபடியே இருப்பார்கள்.

"மேடம், என்னுதுல வர்க்கமூலம் எங்க ஒளிஞ்சிருக்கு?"

"அது கால்குலேட்டர் இல்ல மேடம், அவங்க வீட்டு டிவி ரிமோட்."

பாடம் நகரவில்லை. எல்லாருக்கும் ஒரே வகை வேண்டும் என்று தலைமையாசிரியர் முபிதாவிடம் அவள்தான் விடாமல் கேட்டாள். பெற்றோர் சங்கம் ஒரு பெட்டி நிறைய வாங்கித் தந்தது. பள்ளியிலேயே இருக்கும், வகுப்புக்கு வகுப்பு கைமாறும்.

அதன்பின் பலகையில் பொத்தான்களை வரிசையாக எழுதினால் போதும். எல்லா விரல்களும் ஒன்றாக அழுத்தின. பாடம் சீக்கிரம் முடிந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பகலெல்லாம் தன் பெயரோ 'மேடமோ' காதில் விழாமலே வீடு திரும்பி, ஒரு கிண்ணம் புஹோபே களி கிண்டி, மீனோடு தின்றுவிட்டுப் படுத்தாள்.

ஒரு செவ்வாயன்று சைன் முப்பது கேட்டாள்.

"மைனஸ் பூஜ்யம் புள்ளி ஒம்பது எட்டு எட்டு," என்றது வகுப்பு ஒரே குரலில்.

"அரைதான் வரணும்."

முன்வரிசை லிகாந்தோ மரியாதையாகத்தான் சொன்னான்: "எல்லாருக்கும் இதுதான் மேடம் வருது. உங்களுக்கு மட்டும்தான் வேற."

முந்தின நாள் மூத்த வகுப்புக்காக எல்லாக் கால்குலேட்டர்களிலும் கோண அளவைப் பாகையிலிருந்து ரேடியனுக்கு மாற்றியவள், திருப்பி வைக்க மறந்திருந்தாள். அது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் நாற்பது முகங்கள் அவளை நம்பாமல் பார்த்தன. பழைய நாளாக இருந்தால் நாலு விடை வந்திருக்கும், நாலு பேர் சண்டை போட்டிருப்பார்கள்.

"கால்குலேட்டரை மூடுங்க. ஸ்கேல் எடுங்க. முப்பது பாகையில ஒரு செங்கோண முக்கோணம் வரைஞ்சு அளந்து பாருங்க."

எல்லாரும் வரைந்து அளந்தார்கள். கடைசி வரிசையில் நமகாவ் என்ற பெண் தலை நிமிர்த்தினாள். "முப்பதுக்கு எதிர்ப்பக்கம், நீளமான பக்கத்துல பாதிதான் மேடம். நீளத்துக்கு எங்கிருந்து மைனஸ் வரும்?"

"இத முன்னாடியே கேட்டிருக்கலாம்ல?" என்றாள் சிபேகோ.

"எல்லாரும் ஒண்ணா சொன்னாங்க. நான் ஒருத்தி என்னத்த கேட்க?"

சிபேகோ அவள் அருகில் உட்கார்ந்து அந்த முக்கோணத்தையே பார்த்திருந்தாள்.

அன்றிலிருந்து, முதலில் விடையை மனசால் ஊகித்து எழுத வேண்டும், பிறகுதான் பெட்டி திறக்கும் என்றாள். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். முபிதா கூப்பிட்டு அனுப்பினார்.

"நீங்க கேட்டுத்தானே வாங்கினோம், மேடம். இப்ப பூட்டி வைக்கிறீங்களாமே."

"கொஞ்ச நேரம்தான் சார்."

அவர் தலையாட்டினார்; புரிந்து ஆட்டியதாகத் தெரியவில்லை. சாயங்காலம் கிட்வேயில் இருக்கும் கணவனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். 'சைன்' என்று சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. மறுபடி அழைக்காமல், அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.