மஞ்சள் கட்டம்

1

இந்தக் கதை என் நுரையீரலில் பிறந்தது. விடாத இருமலுக்காக எடுத்த எக்ஸ்ரேயில், வலது பக்கம் மேலே, கணினி ஒரு மஞ்சள் கட்டம் போட்டுவிட்டது. சந்தேகம் என்றால் கட்டம் போடுவது அதன் வேலை. படத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டிய டாக்டர், என் அக்கா.

முதலில் இப்படித் தொடங்கினேன்: நரைத்த தாடியைத் தடவியபடி டாக்டர் திரையைக் கூர்ந்து நோக்கினா—

அக்கா படித்துவிட்டு, "எனக்கு எதுக்குடா தாடி?" என்றாள். அடித்துவிட்டேன். (தாடி வைத்தவர் அழமாட்டார் என்று நினைத்தேனோ என்னவோ.)

2

அக்காவின் ஸ்கேன் சென்டரில் ஒரு வழக்கம் உண்டு. கணினி போட்ட கட்டத்தை மறைத்துவிட்டு, வெறும் படத்தைத்தான் டாக்டர் முதலில் பார்க்க வேண்டும். தான் கண்டதைப் பதிவு செய்த பிறகே கட்டத்தைத் திறக்கலாம். வாதாடி இதைக் கொண்டுவந்தவளே அக்காதான். மறந்துபோய் முன்னாலேயே திறந்த ஒரு டாக்டரை அவள் வறுத்தெடுத்ததை அங்கே இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

என் படம் வந்தபோது அவள் முதலில் திறந்தது கட்டத்தை.

தம்பியின் படம், கை முந்திக்கொண்டது. (இவ்வளவு கறாரானவள் இப்படிச் செய்வாளா? வெறும் கதையாக இருந்தால் இந்த இடத்தை மாற்றியிருப்பேன்.)

"இப்ப அங்க ஒரு நிழல் தெரியுது. ஆனா நானா பாத்ததால தெரியுதா, அது காட்டினதால தெரியுதான்னு சொல்ல முடியலடா," என்றாள்.

கட்டம் இல்லாமல் பார்த்த இன்னொரு டாக்டரோ, விலா எலும்பும் ரத்தக்குழாயும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன, வேறொன்றுமில்லை என்றுவிட்டார். அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. எனக்கு இருமலே மறந்துபோயிற்று.

3

உங்களுக்கும் நான் அதையேதான் செய்திருக்கிறேன். முதல் பத்தியிலேயே கட்டத்தைக் காட்டிவிட்டேன். இனி மாடிப்படியில் எனக்கு மூச்சு வாங்கியது என்று எழுதினால், அதை உங்களால் சாதாரண மூச்சாகப் படிக்க முடியாது. நானும் இப்போது அப்படித்தான் படியேறுகிறேன். சுற்றி வளைப்பானேன், பயமாக இருக்கிறது.

4

இன்று சிடி ஸ்கேன் எடுத்தார்கள். வேறு யாராவது பார்க்கட்டும் என்றாள் அக்கா. நீதான் பார்க்க வேண்டும், கட்டத்தை மறைத்துவிட்டுப் பார், என்று அடம்பிடித்தேன். வீட்டுக்கு வந்து, சும்மா இருக்க முடியாமல், இந்தக் கதைக்கு மூன்று முடிவுகளை எழுதி வைத்தேன்.

முடிவு அ: கணினி சொன்னதே சரி. சின்னக் கட்டி, சீக்கிரம் அகப்பட்டது, பிழைத்துக்கொண்டேன்.

முடிவு ஆ: ஒன்றுமே இல்லை. அக்கா என்னையும் கணினியையும் சேர்த்து வைத்துத் திட்டுகிறாள்.

முடிவு இ: கட்டம் போட்ட இடம் சுத்தம், ஆனால் அது காட்டாத வேறொரு இடத்தில்— (இதை எழுத மாட்டேன்.)

சற்றுமுன் போனில், "பாத்துட்டேன். வீட்டுக்கு வரேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு தடவை சிரிப்பு கேட்கிறது, மறு தடவை அழுகை. இரண்டும் நான் எழுதி வைத்த முடிவுகளின் வேலை.

ஆகவே மூன்றையும் அடித்துவிட்டேன்.

கீழே கார் கதவைச் சாத்தும் சத்தம். வாசலைத் திறக்கப் போகிறேன். அவள் முகத்தை வெறும் முகமாகப் பார்க்க வேண்டும். நீங்கள் இதற்குள் மனதில் ஒரு முடிவு எழுதி வைத்திருந்தால், தயவுசெய்து இப்போது என்னிடம் சொல்லாதீர்கள்.