பென்சிலில் வரைந்த கால்

1

லால்பேட்டையில் ஒரு வீட்டில், இரங்கூனுக்குப் போய்த் திரும்பி வந்த பழைய கடிதம் ஒன்றைப் பார்த்தேன். மூலையில், பென்சிலில் வரைந்த குழந்தைக் கால். அது யாருடைய கால் என்று தெரிந்த அன்றே இதை எழுத உட்கார்ந்தேன்.

1962 மாசியில், லால்பேட்டையிலிருந்து கிளம்பிய பஸ்ஸில்...

(வேண்டாம். சாவிலிருந்து தொடங்க மனம் வரவில்லை.)

2

சலீமா பீவியின் புருஷன் நூர்முகம்மது இரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். அவள் முழுகாமல் இருந்தபோது கப்பலேறியவன். மகள் அஜீசுன்னிசாவின் முகத்தைப் பார்த்ததில்லை. ஒன்றரை வயதில் தொண்டை அடைப்பான் கண்டு, சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பஸ்ஸில், தாய் மடியிலேயே குழந்தை மவுத்தாகிவிட்டது.

சலீமாவுக்கு எழுதத் தெரியாது. கடிதம் எழுதுவது நாத்தனார் சுல்தானா; என்ன எழுதுவது என்று சொல்வது மாமியார்.

"அவன் அங்க ஒண்டியா இருக்கான். இப்ப எழுதினா தாங்கமாட்டான். வரட்டும், நேர்ல சொல்லிக்கலாம்."

(மாமியாரை முதலில் கொடுமைக்காரியாக எழுதினேன். அடித்துவிட்டேன். பெற்ற பயம், வேறொன்றுமில்லை.)

ஆகவே கடிதங்களில் குழந்தை வளர்ந்தது. கடைவாய்ப் பல் முளைத்தது. அத்தா எப்போது வருவார் என்று கேட்டது. ஓடி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டது. சுல்தானா எழுதியதை வாசித்துக் காட்டும்போது சலீமா அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். ஒரே ஒரு தடவை கேட்டாள்:

"முட்டி ஆறிடுச்சுன்னு எழுதினியா, சுல்தானா?"

3

அறுபத்து நாலில் அங்கே கடைகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. கட்டிய துணியோடு வருகிறேன், மகளுக்கு மட்டும் ஒரு ஜோடி செருப்பு வாங்கிவிடுவேன், கால் அளவு அனுப்பு என்று எழுதினான்.

அடுத்த வீட்டுக் கொளஞ்சியம்மாளின் மகள் பொன்னிக்கு நாலு வயசு. அவளைக் கூட்டிவந்து காகிதத்தின்மேல் நிற்கவைத்தார்கள். பென்சில் கூச, பொன்னி சிரித்தாள். கணுக்காலைப் பிடித்திருந்தது சலீமா. அளவெடுத்து முடித்தும் பிடி விடவில்லை. பொன்னி அழத் தொடங்கிய பிறகுதான்...

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.)

4

அவனுக்கு முன்பே தெரியும், ஊர்க்காரர் யாரோ இரங்கூனில் சொல்லிவிட்டார் என்று ஒரு முடிவு எழுதிக் கிழித்தேன். அது என் ஆறுதலுக்கு நானே கட்டியது.

அவனுக்குத் தெரியாது. மதராஸ் ரயில் காலையில் சிதம்பரம் வந்தது. மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான் சொல்லிவிடுகிறேன் மச்சி என்று அண்ணியிடம் சொன்னாள் சுல்தானா. சலீமா வேண்டாமென்று தலையசைத்தாள். நூர்முகம்மது கறுத்து இளைத்து இறங்கினான். சலாம் சொன்னான். பிறகு குனிந்து, அவளுடைய வெள்ளைத் துப்பட்டிக்குப் பின்னால், வெட்கப்பட்டு ஒளிந்திருக்கும் பிள்ளையைத் தேடினான்.

சலீமா வாயைத் திறந்தாள்.

என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. இரண்டு வருஷமாக அவளுக்காக மாமியார் சொன்னாள், சுல்தானா எழுதினாள், இப்போது நானும். இனி அவள் பேசட்டும். நீங்கள் நின்று கேளுங்கள்.