கொடியை எழுப்பும் மருந்து

கமாலுதீனுக்குப் பிடிவாதம் பிறவிக் குணம். பினாங்கில் திராட்சை காய்க்காது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். போதாதா? ஆயர் ஈத்தாமில் இருக்கும் தன் வீட்டுக்குப் பின்னால் பந்தல் போட்டுக் கொடி ஏற்றிவிட்டார். குளிர்நாட்டில் கொடி இலை உதிர்த்துத் தூங்கி, தானாகவே விழித்துக்கொள்ளும். இங்கே ஏது குளிர்? மனிதன்தான் கிளையை வெட்டி, மொட்டுகளில் மருந்து பூசி உசுப்பிவிட வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் பூக்கிற நேரத்தில் மழை அடித்துவிடும் என்று இவர் வாரக்கணக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி லைலா இவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக மழை ஓய்ந்தது. காலையிலேயே வெட்டி முடித்து, பழைய பிரஷ்ஷால் மொட்டு மொட்டாக மருந்து தடவினார். கையுறை போடச் சொன்னாள் லைலா. யார் கேட்டது? கையைக் கழுவிவிட்டு வந்தவர், பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா கொடுத்தனுப்பிய தாப்பாயை, அதுதான் அந்தப் புளிக்கவைத்த இனிப்புச் சோற்றை, ஒரு கிண்ணம் காலி செய்தார்.

சற்று நேரத்தில் முகம் செக்கச்செவேலென்று ஆனது. நெஞ்சு படபடவென்று அடித்தது, மூச்சு வாங்கியது. லைலாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இவருடைய அண்ணனும் இப்படித்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. மருந்துப் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு, அவரைக் காரில் ஏற்றிப் பறந்தாள்.

கிளினிக்கில் டாக்டர் கோகிலன் அவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிச் சோதித்தார். பிறகு புட்டியில் இருந்த எழுத்துகளைப் படித்தார்.

"அங்கிள், இன்னிக்கு பீர் கீர் ஏதாச்சும் குடிச்சீங்களா? மறைக்காம சொல்லுங்க. இந்த மருந்து உடம்புல பட்டு, மதுவும் உள்ள போனா இப்படித்தான் பண்ணும். அப்படின்னா ஹார்ட்டுக்கு ஒண்ணுமில்ல."

கமாலுதீனுக்கு வந்ததே கோபம்! "என்ன பேச்சு தம்பி இது? ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தவன் நான். உதட்டுல வச்சதே இல்ல லா!"

"சரி, வேற என்ன சாப்பிட்டீங்க?"

"தாப்பாய்," என்றாள் லைலா. "ஒரு கிண்ணம்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதான் ஆன்ட்டி! நல்லா புளிச்சா அதுலயே கொஞ்சம் மது ஊறிடும். அங்கிளோட ஹார்ட் நல்லாத்தான் இருக்கு. கொஞ்ச நேரம் இங்கயே படுத்திருக்கட்டும், அடங்கிடும். ஒரு வாரத்துக்குத் தாப்பாய் மட்டும் வேணாம்."

சாயங்காலம் வீடு திரும்பும்போது அவருக்கு முகம் தெளிந்திருந்தது, வாய் மட்டும் ஓயவில்லை.

"என்னைப் பாத்து குடிச்சீங்களான்னு கேக்குறான்! நீயும் பக்கத்துல நின்னுக்கிட்டு எனக்காக ஒரு வார்த்தை பேசல. சந்தேகப்பட்டியா?"

லைலா காரை ஓரமாக நிறுத்தினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"சந்தேகமா? 'ஆமா, குடிச்சேன்'னு நீங்க சொல்லிடணுமேன்னு அல்லாகிட்ட துஆ கேட்டுக்கிட்டு நின்னேங்க."