ஃப்ரிட்ஜில் வைத்த சாப்பாடு

மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப்புக்கு மேலிருந்த மாடி அறையில், மாலை வகுப்பின் நடுவே நெட்டை பிக்கு சுவரைப் பிடித்துக்கொண்டார். கம்போடு மூன்று பேர் பாய்ந்தாலும் அசையாத மனிதர் அவர். அன்று அவர் காட்டிக்கொண்டிருந்தது ஒற்றைக் காலில் நிற்கும் எளிய நிலைதான்.

"என்னாச்சு சாமி?" வகுப்பிலிருந்த பஸ் டிரைவர் ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்ல. நீங்க செய்ங்க. முதுகு நேரா."

குட்டை பிக்கு முன்னே வந்து வகுப்பைத் தொடர்ந்தார். அவருடைய குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருந்தது. வகுப்பு கலைந்ததும் டிரைவர் கீழே இறங்கி மெக்கானிக்கிடம் சொன்னார்: "அண்ணே, இப்படியே போனா இவங்களை வரவழைச்ச சங்கத்துக்காரங்க ரெண்டு பேரையும் ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் நம்ம பாடு பழையபடி முதுகுவலி மாத்திரைதான்."

உள்ளே மெக்கானிக்கின் மனைவி வீங்கிய கால்களை வாளித் தண்ணீரில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி லாண்டரியில் நாளெல்லாம் நின்றபடியே வேலை.

"மயக்கம் வராம என்ன செய்யும்?" என்று அங்கிருந்தே கத்தினாள். "வச்சதைச் சாப்பிட்டாத்தானே!"

பிக்குகள் இருவரும் தங்கள் மடத்துக் கம்புச் சண்டையையும் வெறுங்கைச் சண்டையையும் கற்றுத்தர இந்த நாட்டுக்கு வந்தவர்கள். மாடியை மெக்கானிக் சும்மாவே கொடுத்திருந்தார். பேக்கரிக்காரர் ஒருவர் தினமும் காலையில் சாப்பாடு கொண்டுவருவார். மகளின் பிரசவத்துக்காக அவர் வெளியூர் போகும்போது, "அக்கா, சாமிங்க சாப்பாடு இனிமே உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். மெக்கானிக்கின் மனைவியும் சந்தோஷமாகத்தான் தலையாட்டினாள்.

பொழுது விடியும் முன்பே அவளுக்கு பஸ். அதனால் மாலையில் வந்து, அலுப்போடு அலுப்பாகச் சமைத்து, டப்பாக்களில் போட்டு மாடி ஃப்ரிட்ஜில் அடுக்கினாள். "இது உங்க வீடு மாதிரி சாமி. எது வேணும்னாலும் எடுத்துச் சாப்பிடுங்க" என்றாள். இருவரும் கைகூப்பினார்கள். ஆனால் டப்பாக்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. காரத்தைக் குறைத்துப் பார்த்தாள். எண்ணெய் இல்லாமல் செய்து பார்த்தாள். ஊசிப்போனதைக் கொட்டும்போதெல்லாம் மனசு சுருங்கியது.

காலை வகுப்புக்கு வருகிறவர்கள் நீட்டும் வாழைப்பழத்திலும் பிஸ்கட்டிலும்தான் அவர்களின் நாட்கள் ஓடின. பிட்சைப் பாத்திரத்தோடு ஒருமுறை தெருவில் இறங்கியதும் உண்டு. ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "என்ன விக்கறீங்க?" என்று கேட்டாள்.

"ஏன் சாப்பிடலன்னு கேட்டுடவா?" என்று மெக்கானிக்கின் மனைவி கணவரிடம் பலமுறை கேட்டிருந்தாள்.

"கேட்டுத் தொலைச்சிடாத. சாமியாருங்க மனசு கஷ்டப்படும்" என்பார் அவர். மரியாதை என்று நினைத்து நாம் கேட்காமல் விடுவதில் எத்தனை பேர் பட்டினி கிடக்கிறார்களோ!

அன்று அவளால் பொறுக்க முடியவில்லை. ஈரக் காலோடு படியேறினாள். வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவதாகத்தான் நினைப்பு. நெட்டை பிக்கு தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் நினைத்து வந்தது நாக்கில் வரவில்லை.

"என் சமையல் அவ்வளவு மோசமா சாமி? ஏன் தொடவே மாட்டேங்கறீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேட்டதால சொல்றேம்மா," என்றார் நெட்டை பிக்கு. "யாராவது கையில குடுத்தாத்தான் நாங்க சாப்பிடலாம். நாங்களா எடுக்கக் கூடாது. குடுங்கன்னு கேக்கவும் கூடாது."

"எடுத்துக்கோங்கன்னு நான்தான் சொன்னேனே!"

"சொன்னீங்க. குடுக்கலயே." குட்டை பிக்கு சிரிக்க முயன்றார்.

"ஐயோ சாமி, அதை வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"உங்க வேலை, உங்க காலு, எல்லாம் பாக்கறோம்," என்றார் நெட்டை பிக்கு. "நாங்களா கேட்டு வாங்கினா அது உங்க அன்பு இல்லம்மா. எங்க பசி."

அவள் ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். அவர் கைகூப்பினார்.

"மத்தியானத்துக்கு அப்புறம் கூடாதும்மா. நாளைக்கு."

நீட்டிய கையோடு அவள் நின்றாள். கண் நிறைந்துவிட்டது. "இப்ப எதுவுமே கூடாதா?"

"பழச்சாறு, வடிகட்டினா, குடிக்கலாம்."

வீட்டிலிருந்த ஆரஞ்சுப் பழங்களையெல்லாம் பிழிந்து, துணியில் வடிகட்டி, இருவர் கையிலும் கொடுத்த பிறகுதான் அவள் கீழே வந்தாள். வந்ததும் கணவரிடம், "நாளைக் காலைல நீங்கதான் குடுக்கணும். எனக்கு பஸ் இருக்கு" என்றாள்.

"நானா? எனக்குப் பரிமாறல்லாம் தெரியாதுடி."

"வண்டிக்குக் கீழ படுத்திருக்கறவனுக்கு ஸ்பேனர் நீட்டறீங்கல்ல? அதே மாதிரிதான்."

"கையெல்லாம் கிரீஸ்."

"சோப்புன்னு ஒண்ணு இருக்கு."

மறுநாள் காலை இடைவேளையில், அழுக்குப் போர்வைக் குவியலின் மேல் சாய்ந்துகொண்டு அவள் போன் செய்தாள்.

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன். என்ன சொல்லிக் குடுக்கறதுன்னு தெரியல. 'பிடிங்க சாமி'ன்னேன். பிடிச்சுக்கிட்டாங்க."

"சாப்பிட்டாங்களா?"

"ரெண்டு பேரும் வாயே திறக்கல, சாப்பிடறதுக்குத் தவிர. டப்பாவை வழிச்சுட்டாங்க. ஜில்லுன்னு இருந்துச்சு. அதான், சூடு பண்ணிக் குடுத்தேன்."

இத்தனை வருஷத்தில் அவர் அடுப்பைப் பற்றவைத்து அவள் பார்த்ததில்லை. "அடுப்பை அணைச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"அணைச்சேன், அணைச்சேன். நீ சாப்பிட்டியா?"

சலவை மெஷின் ஓடி முடிந்ததற்கு மணி அடித்தது. "இனிமேதான்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.